சேராங்கொட்டையால் எழுதிய வாரம்

1926ஆம் வருஷம் ஐப்பசி மாதத்திலிருந்து கொடைக்கானலில் டோபி குழந்தைவேல் வீட்டு முற்றத்தில் மட்டும் செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை வெயில் அடித்தது. ஊர் முழுக்க மூடுபனி கிடக்கும். பக்கத்துக் கூரைகளில் தண்ணீர் சொட்டும். எதிர்ச்சாரியில் இப்ராம்சாவின் மளிகைக் கடையில் பகலிலேயே விளக்கு எரியும். அந்த முற்றத்தில் மட்டும் வேலியிலிருந்து வேலி வரை, கொடியில் தொங்கும் துணிகளின் நிழல் கறுகறுவென்று தரையில் விழுந்திருக்கும். வேலிக்கு வெளியே நீட்டிய கை நனையும். உள்ளே இழுத்தால் காயும். இதைக் கேள்விப்பட்டு ஒருநாள் கோட்டுப் போட்ட ஒருவர் அளவுகோலோடு வந்து நிழலை அளந்தார், நோட்டில் குறித்துக்கொண்டார், கொடுத்த காப்பியைக் குடித்தார், எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றி விசாரிக்கவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் அந்த இரண்டு நாட்களில் மிளகாயும் வற்றலும் கொண்டுவந்து பரப்பினார்கள்.

வெயிலுக்குக் காரணம் குழந்தைவேல் இல்லை, அவன் மனைவி முருகம்மாள். அப்போது அவளுக்கு முப்பத்தோரு வயது. பூம்பாறையில் பிறந்தவள். அம்மா செத்தபோது கைக்குழந்தையாக இருந்த தங்கை கண்மணியை இடுப்பில் வைத்தே வளர்த்தவள். கொடைக்கானலுக்கு வாக்கப்பட்டு வந்த நாளில் அந்த இடுப்புதான் முதலில் வலித்தது, சுமை இல்லாததால். பிறகு கண்மணி பூம்பாறையிலேயே பூண்டுத் தோட்டக்காரன் ஞானவேலைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் குழந்தையும் பெற்றாள். அதற்குச் சண்முகசுந்தரி என்று பெயர். முருகம்மாளுக்குப் பிள்ளை இல்லை. அதற்காக எல்லோரும் எல்லோரையும் குறை சொல்லி முடித்து ஐந்து வருஷமாகியிருந்தது. பூம்பாறைக்குப் பதினோரு மைல். காலையில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் மூன்று மணிக்கு மேல் வந்து சேரலாம். நினைத்தபோது கண்மணி வருவாள், நினைத்தபோது முருகம்மாள் போவாள். நினைப்பதற்கும் போவதற்கும் நடுவே எதுவும் இருக்கவில்லை.

அந்த வருஷம் புரட்டாசியில் பதினெட்டு நாள் வெயில் இல்லை. வெள்ளாவி வைத்து வெளுத்த துணிகள் கொடியிலேயே பூசணம் பூத்தன. ஒரு பங்களா மேஜைவிரிப்பு இன்னொரு பங்களாவுக்குப் போனது. மூன்று வீடுகள் துணி போடுவதை நிறுத்தின. நான்காவது வீடு கிரேஸ் மிஸ்ஸியம்மாவுடையது. அவர் பெண் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும், ஐம்பதைத் தாண்டிய, ஒற்றைக்கட்டையான அமெரிக்கப் பெண்மணி. தமிழைப் புத்தகத்திலிருந்து கற்றவர். அவர் துணி போடுவதை நிறுத்தாமல், முருகம்மாளை உட்காரவைத்துத் தன் சின்ன நோட்டைக் காட்டினார்.

"முருகம்மாள், உனக்கு நேரம் குறைவு அல்ல. ஒழுங்கு குறைவு. இங்கே பார். இது வாரம். இது நாள். ஒவ்வொரு மணிக்கும் ஒரு வேலை. வேலைக்கு இடம் கொடுத்தால் வேலை தன் இடத்தில் உட்காரும்."

நோட்டில் பென்சில் கோடுகள் இருந்தன. ஒவ்வொரு கட்டத்திலும் ஏதோ எழுதியிருந்தது. ஞாயிறு மாலை நாலு மணிக் கட்டம் என்ன என்று முருகம்மாள் கேட்டாள். அது என் ஊரையும் என் தாயாரையும் நினைத்து வருந்துவதற்கு, அரை மணி நேரம், என்றார் மிஸ்ஸியம்மா. முருகம்மாளுக்கு வாய்க்குள்ளேயே சிரிப்பு வந்தது. வருத்தத்துக்கு யாராவது இலை போட்டு இடம் பிடித்து வைப்பார்களா? ஆனால் நோட்டின் மற்றக் கட்டங்கள் அவளுக்குப் பிடித்தன. சோப்பு வைக்கும் மாடம்போல ஒவ்வொன்றுக்கும் ஒரு குழி. வீட்டுக்கு நடக்கும்போதே அவள் மனதுக்குள் வாரத்தை மடிக்க ஆரம்பித்துவிட்டாள், பெரிய படுக்கைவிரிப்பை மடிப்பதுபோல, ஓரத்தோடு ஓரம் சேர்த்து.

ஊரை விட்டுப் போன ஒரு துரை வாங்காமல் விட்ட வெள்ளை விரிப்பு ஒன்று வீட்டில் கிடந்தது. அதை அவள் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டாள். கரியால் எழுதினால் ஈரக்காற்றில் வழிந்துவிடும். அவளுக்குத் தெரிந்த மை ஒன்றுதான்: துணிக்குக் குறி போடும் சேராங்கொட்டைப் பால். அதை ஊசியால் குத்தித் துணியில் வைத்துச் சுண்ணாம்பு தடவினால் துணி இருக்கும்வரை குறி இருக்கும். எழுத்து அவளுக்குத் தெரியாது, ஆனால் குறி தெரியும். இருபத்தேழு வீடுகளின் குறிகள் அவள் விரலில் இருந்தன. அதே மாதிரி வேலைகளுக்கும் குறி போட்டாள். திங்கள், பங்களாக்களில் துணி எடுக்க. புதன், கல்லில் அடிக்க. செவ்வாயும் வெள்ளியும் பத்திலிருந்து ஒன்று வரை, காயப்போட. சனி, மூன்றிலிருந்து ஐந்து வரை கஞ்சி போட. ஞாயிறு, பதினொன்றிலிருந்து ஒன்று வரை துணிகளுக்குக் குறி போட. காலை நாலு மணி முதல் இரவு ஒன்பது வரை அடுப்பு, தண்ணீர், வெள்ளாவி, பெட்டி தேய்ப்பது, புருஷன் சாப்பாடு. ஒன்பதிலிருந்து நாலு வரை தூக்கம். ஒரு கட்டத்தைக்கூட அவள் வெறுமையாக விடவில்லை. குறி இல்லாத துணி தொலைந்துபோகும் என்பது அவள் தொழிலில் முதல் பாடம். குறி இல்லாத மணி நேரமும் அப்படித்தான் யார் கைக்காவது போய்விடும் என்று நினைத்தாள்.

மறு செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வெயில் வந்தது.

ஒரு வருஷத்தில் நிறுத்திய மூன்று வீடுகளும் திரும்பி வந்தன. இன்னும் ஒன்பது புதிதாகச் சேர்ந்தன. துணி தவறவில்லை, பொத்தான் உடையவில்லை. முருகம்மாள் கூடையோடு வாசலில் நிற்பதைப் பார்த்துப் பங்களாக்களில் கெடிகாரத்தைத் திருத்தினார்கள். குழந்தைவேல் கடைத்தெருவில் நிமிர்ந்து நடந்தான். அவனுடைய நேரம் விரிப்பில் எழுதப்படவில்லை, அதனால் அவனுக்கு நிறைய இருந்தது. இப்ராம்சா கடையில் உட்கார்ந்து, "எங்க வீட்டுல சோலி தானா நடக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பான்.

முதல் இரண்டு மாதம் முருகம்மாளும் சந்தோஷமாகத்தான் இருந்தாள். கட்டத்திலிருந்து கட்டத்துக்குக் கால் வைப்பது ஓடையில் கல் கல்லாகத் தாண்டுவதுபோல இருந்தது. பிறகு கவனித்தாள்: விரிப்பில் இல்லாதது எதுவும் தனக்கு நடப்பதில்லை. சளி பிடிக்கவில்லை. விக்கல் வரவில்லை. கனவு நின்றுபோனது, தூக்கம் என்று மட்டும் குறித்திருந்ததால். இப்ராம்சாவின் மனைவி ரஹ்மத் பீவி ஒரு வெள்ளிக்கிழமை மிளகாய் பரப்பிக்கொண்டே சொன்னாள்: "ஏ முருகம்மா, சங்கதி தெரியுமாடி? எங்க வூட்டுக்காரரு நேத்துப் பனிக்குள்ள ஒரு ஆளுகூட அரை மணி நேரம் பூண்டுக்குப் பேரம் பேசியிருக்காரு. அவன் வாயே தொறக்கலையாம், பெரிய அழுத்தக்காரனா இருக்கானேன்னு இவரு வெலைய ஏத்திக்கிட்டே போயிருக்காரு. பனி வெலகுச்சு. பாத்தா, பொதிக் கழுதை!" முருகம்மாளுக்கு அது சிரிப்பான விஷயம் என்று தெரிந்தது. சிரிப்பு எங்கோ கிளம்பிய சத்தமும் கேட்டது. வந்து சேரவில்லை. "ஆமாங்க பீவிம்மா" என்று சொல்லி ஒரு விரிப்பைத் திருப்பிப் போட்டாள். ரஹ்மத் பீவி முகம் சுருங்கி மூன்று வாரம் மிளகாய் கொண்டுவரவில்லை.

விருந்தாளிகளும் வரவில்லை. விருந்தாளியை வாங்கென்று சொல்ல ஒருத்திக்கு நேரம் வேண்டும். அந்த நேரம் இல்லாததால் வீடு அவர்கள் கண்ணில் படவில்லை, வேலையாக வருகிறவர்களுக்கு மட்டும் தெரிந்தது. குழந்தைவேலின் பெரியப்பா மகன் திருமலைச்சாமி பழனியிலிருந்து கல்யாணத்துக்குத் தாம்பூலம் வைக்க வந்து, தெருவை மூன்று முறை மேலும் கீழும் நடந்து, தாம்பூலத்தோடு திரும்பினான். கண்மணி மூன்று முறை வந்தாள். 1927 தை மாதம், 1928 ஆடி, 1929 கார்த்திகை. மூன்று முறையும் இப்ராம்சா கடை வரைக்கும் வந்துவிட்டாள். எதிரே வீடு இருக்க வேண்டிய இடத்தில் பனி இருந்தது. இரண்டாம் முறை, பூம்பாறையிலிருந்து பூண்டுப் பொதி கொண்டுவரும் வேலுச்சாமிதான் பிறகு வந்து, வெள்ளாவிக் கட்டத்தில் நின்றிருந்த முருகம்மாளிடம் சொன்னான்: "ஒன் தங்கச்சி அழுதுக்கிட்டே போகுது தாயி. அக்கா வீட்டத் தூக்கிட்டுப் போயிட்டாளான்னு கேக்குது. சின்னப் புள்ள வேற, பெரியம்மாவக் காமி காமின்னு ஒரே பிடிவாதம்."

முருகம்மாள் புறப்பட்டுப் பார்த்தாள். பூம்பாறைப் பாதையில் கால் மைல் போனதும் ஒரு வளைவு. அதைத் தாண்டியபோது தன் வீட்டு வெள்ளாவி அடுப்புத் தெரிந்தது. அந்த நேரத்துக்கு விரிப்பில் வெள்ளாவி. ஓடிப் பார்த்தாள், வளைவைத் தாண்டாமல் சரிவில் இறங்கிப் பார்த்தாள். எந்தப் பக்கம் இறங்கினாலும் கால் வைத்த இடம் துறைக் கல்லாகவோ அடுப்படியாகவோ இருந்தது. யாரும் பிடித்து இழுக்கவில்லை. பாதைதான் முடிந்துபோனது. பிறகு ஒரு புதுக் குறி போட முயன்றாள். மற்ற நேரங்களில் மையைத் தொடவே கட்டம் இல்லை. குறி போடும் நேரமான ஞாயிறு பதினோரு மணிக்கு, துணிக்குப் பதில் விரிப்பின் மேல் ஊசியை வைத்தாள். அதே கட்டத்தில் பழைய குறியின் மேல் கண்மணிக்காக ஒரு பூண்டு வட்டம். இரண்டு குறியும் ஒன்றில் ஒன்று ஊறி எந்தக் குறியுமில்லாத கறுப்புத் திட்டாகிவிட்டது. அதிலிருந்து ஞாயிறு பதினொன்று முதல் பன்னிரண்டு வரை அவள் முற்றத்தில் கம்பம்போல அசையாமல் நின்றாள். காக்கை ஒன்று பழகிப்போய்த் தோளில் உட்காரும்.

துணி எடுக்கப் போன ஒரு திங்கட்கிழமை கிரேஸ் மிஸ்ஸியம்மாவிடம் கேட்டாள், எழுதிய வாரத்தை எப்படி மாற்றுவது என்று. மிஸ்ஸியம்மா ஆச்சரியப்பட்டார்.

"சனிக்கிழமை இரவு எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டும். நான் சொல்லவில்லையா? சில கட்டம் காலியாக விட வேண்டும். நீ எதால் எழுதினாய்?"

"சேராங்கொட்டையாலங்கம்மா."

மிஸ்ஸியம்மா தன் கையில் இருந்த ரப்பரைப் பார்த்தார். பிறகு தன் கழுத்துப்பட்டையின் உட்புறத்தில் பத்து வருஷமாகப் போகாத குறியை விரலால் தடவினார்.

குழந்தைவேலால் முடிந்திருக்கும். விரிப்பைக் கிழிக்கலாம், அடுப்பில் போடலாம். அவன் கையை எதுவும் தடுக்கவில்லை. அவள் கேட்டாள். அவன் அதைச் சுவரில் பார்த்தான், கொடியில் காயும் துணிகளைப் பார்த்தான்.

"கிழிச்சா வெயிலு போயிருமே, புள்ள."

"கண்மணி வந்துட்டு வந்துட்டுத் திரும்புதுங்க."

"வருவா, வருவா. தங்கச்சி எங்க போயிரப் போறா?"

1930ஆம் வருஷம் பங்குனி மாதம் வேலுச்சாமி பொதியில்லாமல் வந்தான். கண்மணி இருமலில் படுத்துப் பதினைந்து நாளாகிவிட்டது, ரத்தமாக வருகிறது, அக்கா அக்கா என்கிறாள் என்றான். அன்று முருகம்மாள் பூம்பாறைப் பாதையில் ஏழு முறை நடந்தாள், ஏழு முறையும் வளைவில் தன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். ஏழாவது முறை வந்தபோது பெட்டியில் கரி போட்டிருந்தது. அவள் ஒரு சட்டையின் கையைத் தேய்த்தாள். ஒன்பது நாள் கழித்து வேலுச்சாமி மறுபடி வந்தான். வாசலில் நின்று துண்டைத் தோளிலிருந்து எடுத்தான். அவன் சொல்வதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று மேலே ஏறி வந்து, தொண்டையில் நின்று, இடம் தேடிப் பார்த்து, திரும்பிப் போயிற்று. அவள் கண் கொடியில் காய்ந்த துணியைப்போல வறண்டிருந்தது. பிணம் எடுத்த நேரத்தில் அவள் தலையணை உறைகளை நான்காக மடித்துக்கொண்டிருந்தாள். ஓரங்கள் சரியாகச் சேர்ந்தன. அதை நினைத்துத்தான் பின்னால் அவள் அதிகம் வெட்கப்பட்டாள். தங்கையைத் தூக்கிய நேரத்திலும் ஓரங்கள் சேர்ந்தன. அக்கம்பக்கத்துப் பெண்கள், கல்நெஞ்சுக்காரி என்றார்கள். அவள் மறுக்கவில்லை, மறுப்பதற்கும் நேரம் எழுதியிருக்கவில்லை.

ஆனால் வேலை செய்துகொண்டே யோசிக்க அவளுக்கு முடிந்தது, யோசனைக்குக் கை வேண்டாம் என்பதால். அந்தச் சித்திரையில் ஒரு வண்ணாத்திக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை அவளுக்குத் தோன்றியது. சேராங்கொட்டைக் குறி போகாது. ஆனால் துணி போகும். கல்லில் அடிக்க அடிக்கக் குறி அப்படியே இருக்க, குறியைச் சுற்றி நூல் இற்று ஒருநாள் குறியும் துணியும் சேர்ந்து உதிரும். பழைய துணிகளில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். விரிப்பை வெளுக்க விரிப்பில் நேரமில்லை. பங்களாத் துணிகளை வெளுக்க இருந்தது. ஒரு ஞாயிறு பன்னிரண்டு மணிக்குக் குறி போடும் வேலையில் உட்கார்ந்தபோது, சுவரிலிருந்த விரிப்பின் மூலையில் ஒரு சிலுவையும் இரண்டு புள்ளியும் வைத்தாள். அது கிரேஸ் மிஸ்ஸியம்மா வீட்டுக் குறி. அடுத்த திங்கட்கிழமை மிஸ்ஸியம்மாவின் மூட்டையோடு விரிப்பும் சேர்ந்தது. புதன்கிழமை கல்லுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை வெயிலில் காய்ந்து சுவருக்குத் திரும்பியது.

ஒரே இடத்தை அடித்தாள். சனிக்கிழமை மூன்றிலிருந்து ஐந்து. பூம்பாறையிலிருந்து காலையில் கிளம்பியவர் வந்து சேரும் நேரம் அது. யார் இனி வரப் போகிறார்கள் என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. குழந்தைவேல் துறையில் அதைப் பார்த்துவிட்டுத் தண்ணீரில் இறங்கி ஓடிவந்தான்.

"ஏ, கிறுக்குப் புடிச்சிருச்சா? வெயிலு அதுலதான கெடக்கு!"

"வெயிலு செவ்வாயிலயும் வெள்ளியிலயும் கெடக்குங்க. நான் சனிக்கெழமையத்தான் அடிக்கிறேன்."

அவன் அருகே வந்து பார்த்தான். உண்மைதான். "பாத்து அடி, பக்கத்துல படாம" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பதினோரு மாதம் ஆயிற்று. 1931 மாசி மாதம் ஒரு புதன்கிழமை அந்தக் கட்டம் கைக்குள் உதிர்ந்தது. அதன் வழியே அவள் தன் முழங்காலைப் பார்த்தாள். கஞ்சி போடும் நேரம் போய்விட்டதால் அந்த வாரத்திலிருந்து கொடைக்கானலில் எந்தக் கழுத்துப்பட்டையும் விறைப்பாக நிற்கவில்லை. வீட்டிலேயே கஞ்சி போட்டுப் பார்த்தார்கள், அப்போதும் துவண்டன. துரைமார்கள் சில மாதம் முணுமுணுத்துவிட்டு மெல்லிய துணிப் பட்டைகளுக்கு மாறினார்கள்.

முதல் சனிக்கிழமை மூன்று மணிக்கு அவளுக்கு விக்கல் வந்தது. அது நாலேகால் வருஷத்துக்கு முந்தைய விக்கல். அதன் பின்னால் ஒரு தும்மல், ஒரு வளையல்காரன், குழந்தைவேலோடு போட்டிருக்க வேண்டிய ஒரு சின்னச் சண்டை. இடமில்லாமல் வெளியே நின்றவையெல்லாம் வந்த வரிசைப்படி உள்ளே வந்தன. ஐந்து மணிக்கு நின்றன, அடுத்த சனிக்கிழமை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தன. திருமலைச்சாமி தாம்பூலத் தட்டோடு வந்து உட்கார்ந்து, தை பத்தொன்பதாம் தேதி கல்யாணம், அவசியம் வரணும் என்றான். அதே நேரத்தில் பழனியில் அவன் தொந்தி போட்டு இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனாக இருந்தான். இங்கே மீசை அரும்பாகத்தான் இருந்தது. குழந்தைவேல் தட்டை வாங்கி, "பொண்ணு நல்ல பொண்ணுடா, கவலப்படாத" என்றான். நல்ல பெண் என்று குழந்தைவேலுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. இன்னொரு சனிக்கிழமை முருகம்மாள் திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சத்தம் கேட்டு ரஹ்மத் பீவி ஓடிவந்தாள்.

"என்னடி ஆச்சு ஒனக்கு?"

"கழுதை, பீவிம்மா! வாயே தொறக்காத கழுதை!"

ரஹ்மத் பீவிக்கு எதுவென்று நினைவு வர ஒரு நிமிஷம் பிடித்தது. பிறகு அவளும் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பாவி, நாலு வருசம் கழிச்சா சிரிப்ப? நான் சொன்னது நல்லா இல்லையோன்னு அன்னையிலேர்ந்து ஒருத்தர்கிட்டயும் சொல்லலடி."

வரிசை எங்கே போகிறது என்று முருகம்மாளுக்குப் புரிந்துவிட்டது. கண்மணி வந்து திரும்பியது மூன்றே முறை என்று அவள் கணக்கு வைத்திருந்தாள்.

தை மாதத்து வருகை சித்திரையில் வந்தது. வாசலில் பனி விலகி, தலையில் பூண்டுக் கட்டும் இடுப்பில் பிள்ளையுமாகக் கண்மணி நின்றாள். "என்னக்கா அப்பிடிப் பாக்குற, பேயப் பாத்த மாதிரி? எறக்கி வுடு, கழுத்து வலிக்குது." குழந்தைவேல் சுவரோடு ஒட்டிக்கொண்டான். முருகம்மாள் அவனைக் கண்ணால் அடக்கிவிட்டுக் கட்டை இறக்கினாள். கண்மணிக்குத் தான் செத்தது தெரியாது. அவள் வந்திருந்த நாளில் அது நடந்திருக்கவில்லை. ஐந்து மணி வரை விளைச்சல் பற்றி, மாமியார் பற்றி, பிள்ளைக்கு முளைத்த பல் பற்றிப் பேசினாள். ஐந்து மணிக்கு முருகம்மாளின் கை தண்ணீர்க் குடத்தின் மேல் இருந்தது, தங்கை இல்லை. ஆடி மாதத்து வருகை ஆவணியில் வந்தது. அன்று கண்மணி அக்காவின் தலையைப் பிடித்துப் பேன் பார்த்தாள். "ஒனக்கு நரைச்சிருச்சேக்கா. போன தடவை பாக்கையில இல்லையே" என்றாள். முருகம்மாள் சாம்பல் பட்டது என்றாள்.

மூன்றாவது 1932 தை மாதம். கண்மணி இளைத்திருந்தாள். பிள்ளை வீட்டில் இருக்கிறது என்றாள். பேசும்போது முந்தானையை வாயில் வைத்தாள். முருகம்மாள் கறைகளைப் படித்துப் பிழைப்பவள். வெற்றிலைக் கறையையும் அதற்கடியில் இருப்பதையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவள்.

"கண்மணி, இன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு வா. இங்கனயே இருந்துரு."

"பூண்டு எடுக்கற நேரங்க்கா. பங்குனி கழியட்டும், வெரசா வந்துர்றேன்."

"பங்குனி வேணாம்."

"ஏன், பங்குனி ஒன்னைய என்ன செஞ்சுச்சு?" கண்மணி சிரித்தாள், இருமினாள்.

இது நடந்து முடிந்த வருகை. இதில் புதிதாக எதையும் நுழைக்க முடியாது என்று முருகம்மாளுக்குத் தெரிந்தது. அந்த முந்தானையை மட்டும் அவள் கையில் எடுத்துக்கொண்டாள். கிண்ணத்துத் தண்ணீரில் நனைத்து, இரண்டு விரலால் கசக்கி, ஊதி, மறுபடி நனைத்தாள். "வந்த ஆளு சீலையவா தொவைப்ப, நீ என்ன பொம்பள!" என்று கண்மணி கேலி செய்தாள். ஆனாலும் இழுத்துக்கொள்ளவில்லை. கறை முழுதாகப் போனபோது ஐந்து மணி.

அடுத்த சனிக்கிழமை மூன்று மணிக்கு அழுகை வந்தது. இரண்டு மணி நேரம் வாய்விட்டு அழுதாள். ஐந்து மணிக்கு ஒரு விம்மலின் பாதியில் எழுந்து தண்ணீருக்குப் போனாள். ஏழு நாள் கழித்து அந்த விம்மலின் மீதிப் பாதியிலிருந்து ஆரம்பித்தாள். முதல் வாரம் தேற்ற வந்தவர்களிடம் இப்ராம்சா கடையிலிருந்தே சொன்னார்: "அது இப்ப அழுகற அழுகை இல்லீங்க, ரெண்டு வருசத்துக்கு முந்தினது. அழுது முடிக்கட்டும் விடுங்க." பதினான்கு சனிக்கிழமை ஆயிற்று.

பதினைந்தாவது சனிக்கிழமை மூன்று மணிக்கு ஒன்றுமே வரவில்லை. முருகம்மாள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கைகள் யாருடையவோபோல இருந்தன. எதைச் செய்யவும் கால் தானாக எழவில்லை, எதைச் செய்யாதே என்றும் யாரும் சொல்லவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தோடே எழுந்து நடந்தாள். பூம்பாறைப் பாதையில் அந்த வளைவு வந்தது. தாண்டினாள். அதற்கப்பால் பாதை இருந்தது, மரம் இருந்தது, இன்னொரு வளைவு இருந்தது.

திரும்பி நடக்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. ஐந்து அடித்ததும் எங்கே இருந்தாலும் குடம் கையில் இருக்கும். அதனால் இரண்டு மணி நேரமும் போகலாம். ஓட்டமும் நடையுமாகப் போனாலும் ஐந்து மைல்தான் ஆயிற்று. பூம்பாறையில் தாயில்லாத பெண் ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது. முருகம்மாள் அடுத்த கட்டங்களை அடிக்க ஆரம்பித்தாள், வருஷத்துக்கு ஒன்றாக. 1933இல் பெட்டி தேய்க்கும் இரண்டு மணிக் கட்டம் உதிர்ந்தது. அதிலிருந்து பங்களாக்களில் ஞாயிற்றுக்கிழமை உடுப்பு சுருக்கத்தோடுதான் இருந்தது. 1934இல் ஒரு மணிக் கட்டம். அது குழந்தைவேலின் சனிக்கிழமைச் சாப்பாடு. அவன் இரண்டு வாரம் கோபித்துக்கொண்டு பட்டினி கிடந்தான், மூன்றாவது வாரம் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டான். 1935இல் ஐந்து மணிக் கட்டம் மெலிந்து வந்தபோது அவனே ஒருநாள் துறையில் விரிப்பின் மறுமுனையைப் பிடித்து, "தண்ணி நான் எடுத்துக்கிறேன், நீ ஓங்கி அடி" என்றான்.

1936 தை மாதம் முதல் சனிக்கிழமை, ஒரு மணிக்குக் கிளம்பிய முருகம்மாள் ஐந்தரை மணிக்குப் பூம்பாறையில் ஞானவேல் வீட்டு வாசலை எட்டினாள். சண்முகசுந்தரிக்குப் பதினோரு வயதாகியிருந்தது. இது யார் என்று கேட்டது. பெரியம்மா என்றாள். இவ்வளவு நாள் எங்கே இருந்தாய் என்று கேட்டது. துணி வெளுத்துக்கொண்டிருந்தேன் என்றாள். பெண்ணின் தலை சிக்குப் பிடித்துக் கிடந்தது. முருகம்மாள் அதை மடியில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டாள்.

அதிலிருந்து எல்லாச் சனிக்கிழமையும் வந்தாள். ஞானவேல் ஐந்தரைக்குக் காப்பி போட்டு வைப்பான். அவள் சிக்கெடுப்பாள், எண்ணெய் வைப்பாள், பேசுவாள். ஆறு மணிக்குப் பேச்சின் நடுவில் ஆள் இருக்க மாட்டாள், டம்ளர் தரையில் இருக்கும். வயது ஏற ஏற அவள் வந்து சேர நேரமாயிற்று. 1940க்குப் பிறகு ஒரு பின்னலைத்தான் முடிக்க முடிந்தது. ஒரு பக்கம் இறுக்கிப் பின்னி, மறுபக்கம் விரிந்து கிடக்கும் தலையோடு சண்முகசுந்தரி டம்ளரைக் கழுவப் போவதைப் பார்த்தால், முருகம்மாள் வந்து போய்விட்டாள், மணி ஆறு என்று பூம்பாறையில் தெரிந்துகொண்டு, அவரவர் மாட்டை ஓட்டிக் கட்டுவார்கள். மிச்சப் பின்னலை அந்தப் பெண் தானே போட்டுக்கொள்வாள்.